ஒச்சம்மாளைக் கேட்டுச் செய்யவும்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் ஒச்சம்மாள் முப்பத்தொரு வருடம் செக்கிங் பார்த்தாள். தைத்து வரும் பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் விரித்து, முன், பின், தோள், கை, அடிமடிப்பு என்று தடவிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. நகத்தளவு ஸ்டிக்கர். அம்பின் முனை குறையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அது தள்ளி நின்றால் தைத்தவர், 'எங்கே குறை?' என்று சண்டைக்கு வருவார்.

இந்த வேலை மனிதரை நல்லவராக்கும் என்று சொல்ல முடியாது. ஒச்சம்மாளை ஆக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில், மணப்பெண்ணின் ஜாக்கெட்டில் இடதுகைத் தையல் சுருங்கியிருப்பதாக முதல் வரிசையிலிருந்து சொன்னவள் அவள். மருமகள் அனுசுயா சுட்ட சப்பாத்தியை எடுத்து, "ஒண்ணுக்கொண்ணு அளவு மாறுது" என்று அடுக்கின் அடியிலிருந்து உருவிக் காட்டுவாள். அவள் பக்கம் சொல்ல ஒன்று உண்டு. எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து அவள் ஸ்டிக்கர் குறைந்ததும் இல்லை, கூடியதும் இல்லை. முதலாளி வெள்ளியங்கிரியின் சட்டையிலும் ஒரு முறை ஒட்டியிருக்கிறாள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பாண்டித்துரை அதே கம்பெனியில் பன்னிரண்டு தையல்காரர்களை வைத்து ஒரு லைனை கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறான். அவன் லைனில் தைத்தது அவள் மேசைக்குத்தான் வரும். மகன் என்பதால் அவள் கண் ஒருநாளும் மங்கியதில்லை.

அறுபத்திரண்டாவது வயதில் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. முதுகுவரை பரவிற்று. சோறு பிடிக்கவில்லை. ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் தரணீதரன் பாண்டித்துரையை மட்டும் அறைக்குள் அழைத்தார். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது என்றார். பாண்டித்துரை வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு அம்மாவிடம் "அல்சர்" என்றான்.

அல்சர் என்றால் மிளகாயை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் அன்று சாயங்காலம் பாண்டித்துரை ஆப்பிள் வாங்கி வந்தான். தன் முப்பத்தாறு வயதுக்குள் அவன் அவளுக்கு வாங்கி வந்த முதல் ஆப்பிள் அது. அனுசுயா, "அத்தை, உங்களுக்கு என்ன புடிக்கும்னு சொல்லுங்க, செய்யுறேன்" என்றாள். மறுநாள் காலையில் ஒச்சம்மாளின் தம்பி ராமர், தீபாவளிக்கே வராதவர், உசிலம்பட்டியிலிருந்து பையோடு வந்து இறங்கி, டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் கண்ணீர் விட்டார்.

கப்பலேறும் சரக்கில் ஆயிரக்கணக்கான பீஸையும் யாரும் பார்ப்பதில்லை. சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் பெட்டிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து, கைக்கு வந்ததை உருவிப் பார்ப்பார்கள். அதில் குறை அளவு மீறினால் லாட் முழுவதும் திரும்பும். ஒச்சம்மாள் வீட்டிலும் அதைத்தான் செய்தாள். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"அல்சர்ம்மா" என்றான் பாண்டித்துரை.

"கேஸ் டிரபிளாம் அத்தை" என்றாள் அனுசுயா.

"பித்தம்க்கா, பூராம் பித்தம்" என்ற ராமர், துண்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ஒரு லாட், மூன்று அளவு. ஒச்சம்மாள் பையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள்.

டாக்டர் தரணீதரனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. "உக்காருங்கம்மா. உங்க பையன்கிட்ட எல்லாம் விவரமாச் சொல்லியிருக்கறனுங்களே" என்றார்.

"வகுறு யாருது தம்பி?"

"உங்களுதுங்க."

"அப்ப ரிப்போர்ட்டும் எனக்குத்தான வரணும். பையருக்கு வர்ற மெயில பக்கத்துக் கம்பெனிக்கா அனுப்புவீக?"

"பையன்தானுங்க, அம்மா தாங்க மாட்டாங்க, சொல்ல வேண்டாம்னாருங்க..."

"நான் தாங்குவனா மாட்டனான்னு அவன் எப்ப டெஸ்ட் எடுத்தான்?"

டாக்டர் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்து மேசைக்கு இந்தப் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கேன் படத்தைக் காட்டி, எங்கே தொடங்கியது, எங்கே போயிருக்கிறது என்று விரலால் தொட்டுச் சொன்னார். விரல் சரியான இடத்தில் நின்றது. ஒச்சம்மாள் அதைக் கவனித்தாள்.

"கெடு எம்புட்டு?"

"மாசக் கணக்குதானுங்கம்மா. வருசக் கணக்கு இல்லீங்க."

அவள் கொஞ்ச நேரம் தன் சேலை முந்தியின் ஓரத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் குறை ஒன்றும் இல்லை.

பிறகு கேட்டாள்: "நான் படுத்திருந்தப்ப எதுலயாச்சும் கையெழுத்து வாங்குனீகளா?"

டாக்டர் ஃபைலை எடுத்தார். நான்கு பக்க ஒப்புதல் படிவம். சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. விளக்கிச் சொன்னவர் பெயர் காலி. 'அனைத்தும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது, நான் புரிந்துகொண்டேன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை அவரே படித்துத் தமிழில் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிற்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாண்டித்துரையின் கையெழுத்து, லைனில் துணிக்கட்டோடு வரும் பண்டல் டிக்கெட்டில் படிக்காமல் கிறுக்குவது போல.

ஒச்சம்மாள் பர்ஸிலிருந்து அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். பதினோரு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

"துணியே வெட்டல, அதுக்குள்ள பேக்கிங் ஓகேன்னு கையெழுத்து. அவன விடுங்க, அவன் எதுலயும் போடுவான். வாங்குனவுக படிச்சவுகதான?"

டாக்டர் தரணீதரன் ஃபைலை அப்படியே மூடி வைத்தார். ஸ்டிக்கர் ஒன்றையும் அவர் பிய்த்துப் போடவில்லை.

அன்றைக்கு அவள் ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தாள். தொண்டையில் குழாய் விடுவது எதற்கு, மெஷின் மூச்சு என்றால் என்ன, தன் மாதிரி நோயில் அது எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார். சுயநினைவோடு இருக்கும்போதே வேண்டும் வேண்டாம் என்பதை எழுதி வைக்கலாம் என்றார். இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ உறுதி வாங்கிவிட்டால் சட்டப்படி செல்லும்.

"உங்களால பேச முடியாதப்ப உங்களுக்காகப் பேசறதுக்கு ஒருத்தர் பேரு எழுதோணுமுங்க. அவரு உங்க மனசு தெரிஞ்சவரா இருக்கோணும்."

அந்தச் சட்டத்தில் ஒச்சம்மாளுக்குச் சங்கடமான பகுதி அதுதான்.

வீட்டுக்கு வந்து கோடு போட்ட தாளில் அவளே எழுதினாள். குழாய் வேண்டாம். மெஷின் வேண்டாம். நின்றுபோன நெஞ்சை அழுத்தி எழுப்ப வேண்டாம். வலிக்கு மருந்து கட்டாயம். சாவது என் வீட்டில். எனக்காகப் பேசுபவர்: மகன் பாண்டித்துரை. எழுதி முடித்து அவனிடம் நீட்டினாள்.

பாண்டித்துரை படித்தான். முகம் வெளிறிற்று. "உனக்குத் தெரியுமா?" என்றான்.

"அல்சர்னு தெரியும்."

அவன் அழுதான். அவள் காத்திருந்தாள். அழுது முடித்ததும் அவன் கடைசி வரியில் விரல் வைத்தான்.

"இதுல ஏன் என் பேரு இருக்கு? என்னைக் கேட்டியா?"

ஒச்சம்மாள் தாளை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தாள்.

"உன்னைக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் போயி ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்த. நீ என்னைக் கேக்காம என் பேரைப் போடலாமா? பெத்தவள மெஷின் வைக்காமச் சாக விட்டான்னு நாளைக்கு ஊர்ல என் பேரத்தான சொல்லுவாக?"

பக்கத்தில் இருந்த ராமர், "நல்லாக் கேளு மாப்ள" என்றார். "யக்கா, கடைசி வரைக்கும் பாத்தோம்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்ல வேணாமா? நம்ம பெரியப்பனுக்கு எட்டு டியூப் வச்சாக. ஊரே வந்து பாத்துச்சு."

"பெரியப்பன் என்னடா சொன்னாரு?"

"அவரு எங்கிட்டு பேசுறது? டியூப்ல இருந்தாருல்ல."

ஒச்சம்மாள் பர்ஸைத் திறந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து, தன் தாளின் கடைசி வரியில் தானே ஒட்டினாள். மகன் பெயருக்கு நேரே முனை நின்றது. தன் குறையை ஒப்புக்கொள்ள அவளுக்கு வேறு வழி தெரியாது.

தாள் அப்படியே பீரோவில் கிடந்தது. பாண்டித்துரை சரி என்று சொல்லாமல் நோட்டரியிடம் போக அவளுக்கு மனமில்லை. நாளோ போய்க்கொண்டிருந்தது. வலி மாத்திரை இரண்டு வேளையிலிருந்து நான்கு வேளையானது. திடீரென்று ஒருநாள் மயங்கி விழுந்தால் யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். தாள் பீரோவில் இருக்கும், அவள் ஆம்புலன்ஸில் இருப்பாள்.

சட்டையைப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டால் அதை எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்ல யாரும் கூடவே போவதில்லை. சட்டையின் பக்கத் தையலில் ஒரு வெள்ளை சாட்டின் லேபிள் போகிறது: வெந்நீர் வேண்டாம், பிளீச் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். ஒச்சம்மாள் லேபிள் அடிக்கிற கடைக்குப் போனாள். தன் ஜாக்கெட்டுகளுக்குத் தைத்துக்கொள்ளப் பத்து லேபிள் போதும் என்றாள்.

"பத்தெல்லாம் ஓடாதுங்க்கா. மினிமம் ஆயிரமுங்க" என்றார் கடைக்காரர்.

ஆயிரம் வந்தது. இப்படி இருந்தது:

'ஒச்சம்மாள், மண்ணரை. என்னைக் கேட்டுச் செய்யவும். கேட்க முடியாத நிலை என்றால்: தொண்டைக் குழாய் வேண்டாம். மெஷின் மூச்சு வேண்டாம். நெஞ்சை அழுத்த வேண்டாம். வலி மருந்து கட்டாயம். மற்ற விவரம்: மகன் பாண்டித்துரை. நிழலில் உலர்த்தவும்.'

கடைசி வரி கடைக்காரரின் பழைய அச்சிலிருந்து அழிக்காமல் விட்டது. ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். தன்னைப் பொறுத்தவரை தப்பில்லை என்று விட்டுவிட்டாள். அதற்கு முந்தின வரி மறுபடியும் கேட்காமல் போட்டது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. மனித சுபாவம் இவ்வளவுதான்.

பாண்டித்துரைக்கு உறைத்தது. பத்து லேபிளை அவள் தைத்துக்கொண்டாள். மீதி லேபிள்களைக் கட்டாக அவன் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். குப்பையில் போட மனம் வரவில்லை, அம்மா பெயர் இருக்கிறதே. ஸ்டோர் அலமாரியில் ஒரு வெளிநாட்டு ஆர்டரின் லேபிள் பெட்டி பாதி காலியாக இருந்தது. அதற்குள் கட்டைத் திணித்து மூடினான். துணிக்கடையில் துணியை ஒளிப்பதுபோலத்தான், யார் கண்ணிலும் படாது என்று நினைத்தான்.

அந்த ஆர்டர் மறுநாளே அவன் லைனில் ஓடியது. லேபிள் வைத்துத் தைத்தவர் பீகாரிலிருந்து வந்தவர். வெளிநாட்டு லேபிளில் இருந்த எழுத்தும் அவருக்குத் தெரியாது, இதில் இருந்ததும் தெரியாது. அளவு ஒன்று, சாட்டின் ஒன்று. நேராக வைத்து, கோணாமல், மிக நன்றாகத் தைத்தார். ஒச்சம்மாள் அன்றைக்கு வலி மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவளுக்குப் பதில் அவள் மேசையில் நின்ற செக்கிங் பெண் பழனாத்தாள், மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை தையலை மட்டும் பார்த்து, பிறகுதான் லேபிளைப் புரட்டினாள்.

"ஏனுங்க, இந்தப் பனியனுக்கு நெஞ்சை அழுத்த வேண்டாமாமுங்க!" என்று அவள் சத்தம் போட்டது துணி வெட்டும் கட்டிங் பகுதி வரைக்கும் கேட்டது.

அறுநூற்றுப் பன்னிரண்டு பனியன். ஒவ்வொன்றிலும் தொண்டைக் குழாய் வேண்டாம். ஒவ்வொன்றிலும் மற்ற விவரத்துக்கு மகன் பாண்டித்துரை.

முதலாளி வெள்ளியங்கிரி ஓடி வந்தார். "என்னுங்க பாண்டி இது? பையர் பார்த்தா நம்ம தலையை வாங்கிப்போடுவானுங்களே! யாரு அடிச்சது இத?" என்று ஒரு பனியனைப் பிடுங்கி லேபிளைப் படித்தார். சத்தம் நின்றது. இன்னொரு முறை படித்தார்.

"எங்கப்பாவப் பதினெட்டு நாள் மெஷின்ல வெச்சிருந்தமுங்க" என்றார் மெதுவாக. "நானும் எங்கண்ணனும் மாமனும் கலந்து பேசித்தான் வெச்சோம். அவருகிட்ட கேக்கோணும்னு ஒருத்தருக்கும் தோணலீங்க. முதல் நாளு பேசிட்டுத்தான் இருந்தாரு."

பிறகு முதலாளியாகிவிட்டார். "ஞாயித்துக்கிழமை செக்கிங் ஆளுகளை உக்கார வெச்சு அத்தனையும் பிரிச்சுருங்க. ஓட்டை விழாமப் பிரிக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செக்கிங் பெண்கள் பதினைந்து பேரும் பாண்டித்துரையும் சுற்றி உட்கார்ந்து லேபிளைப் பிரித்தார்கள். முதல் ஐம்பது பீஸ்வரை சிரிப்பாக இருந்தது. "எனக்கும் ஒரு கட்டு அடிச்சுக் குடுங்க பாண்டியண்ணா, எம் மாமியாளுக்குத் தைச்சுடறேன்" என்றாள் ஒருத்தி. "நிழலில் உலர்த்தவும்னு போட்டிருக்கு, உங்கம்மா என்ன ஊறுகாயா?" என்றாள் இன்னொருத்தி. பாண்டித்துரையும் சிரித்தான். நூறு தாண்டியதும் பேச்சு குறைந்தது. ஊசியின் முனையில் நூலை நெம்பும்போது கண் எழுத்தில்தான் விழும். என்னைக் கேட்டுச் செய்யவும். என்னைக் கேட்டுச் செய்யவும். மற்ற விவரம்: மகன் பாண்டித்துரை. அவன் கையால் மட்டும் நூற்றிருபது பிரித்தான். ஒரு தாளில் ஒரு முறை படித்தபோது பயமாக இருந்தது நூற்றிருபதாவது முறை பழகியிருந்தது. பயம் போய், சொன்னது என்ன என்பது மட்டும் மிச்சமிருந்தது. எந்தப் பெரிய உண்மையும் இதைவிடச் சிறந்த முறையில் மண்டைக்குள் போவதாகத் தெரியவில்லை.

எண்ணிப் பார்த்ததில் ஒரு பீஸ் குறைந்தது. பழனாத்தாள்தான் நினைவுபடுத்தினாள். முதலில் தைத்த ஒன்றை, தைத்த அன்று காலையிலேயே பையரின் அப்ரூவலுக்கு கூரியரில் அனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் பாண்டித்துரை வீட்டுக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்றான்.

"என்னைக் கேளு" என்றான்.

"என்னத்தடா?"

"கேக்கணும்ல. கேளு."

ஒச்சம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. "பாண்டி, என்னால பேச முடியாமப் போனா எனக்காக நீ பேசுறியா?"

"என்ன பேசணும்?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகக் குறுக்குக் கேள்வி கேட்டான். மூச்சுத் திணறினா? மருந்து குடுக்கட்டும், குழாய் வேணாம். ராமர் மாமா சண்டைக்கு வந்தா? வரட்டும். நான் அழுதா? அழு, கையெழுத்து மட்டும் போடாத. கடைசியில், "சரி" என்றான். செவ்வாய்க்கிழமை பழனாத்தாளும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சியாக வர, நோட்டரி முன்னால் புதிதாக எழுதிய தாளில் கையெழுத்தானது. ஒரு காலி இடம் இல்லாமல் ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் ஒச்சம்மாளுக்கு மூச்சு வாங்கியது. ராமர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் புதியவர். தொண்டைக் குழாய் விட ஒப்புதல் கேட்கும் படிவத்தை அவசரமாகக் கொண்டுவந்து, அங்கே யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவரிடம் நீட்டினார். ராமர் பேனாவை வாங்கிவிட்டார்.

"மாமா, குடுங்க" என்று பாண்டித்துரை படிவத்தை வாங்கினான். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தான். வாழ்க்கையில் அவன் முழுவதும் படித்த முதல் படிவம் அது. கடைசிப் பக்கத்தில், தான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், சட்டைப் பையிலிருந்து ஒரு அம்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினான்.

"என்ன சார் இது?"

"பேஷண்ட் முழிச்சுக்கிட்டுத்தான சார் இருக்காக. அவுககிட்ட கேளுங்க."

டியூட்டி டாக்டர் கட்டிலைப் பார்த்தார். ஒச்சம்மாள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "வேணாம்" என்றாள். ஜாக்கெட்டின் பக்கத் தையலைத் திருப்பி லேபிளையும் காட்டினாள். ராமர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் அழுதார்.

தரணீதரன் வந்தார். மூச்சுத் திணறல் அடங்க மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றானது. வழக்கமான டிஸ்சார்ஜ் தாள் வந்தது. 'மருத்துவர் ஆலோசனைக்கு எதிராக, சொந்தப் பொறுப்பில்' என்று அச்சடித்திருந்தது. ஒச்சம்மாள் ஸ்டிக்கருக்குக் கை நீட்டினாள். ஒட்ட நேரமானது. ஆனால் முனை 'எதிராக' என்பதைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது.

"எதுக்கு... எதிரா தம்பி? நீங்க சொன்னதத்தான... செய்யுறேன்."

தரணீதரன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். 'நோயாளி முழு விவரம் அறிந்து, தானே முடிவு செய்தபடி' என்று மேலே எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

வீட்டில் பதினோரு நாள் இருந்தாள். வலி அவ்வளவாக இல்லை. மூன்றாம் நாள் வெள்ளியங்கிரி பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் போனை நோண்டினார்.

"ஒச்சம்மாக்கா, அந்த ஒரு பீஸு பையருக்குப் போச்சுதுங்களே. மெயில் வந்திருக்குதுங்க."

ஒச்சம்மாள் கண்ணைத் திறந்தாள். "ரிஜெக்டா?"

"இல்லீங்க. தையல், அளவு, லேபிள் எல்லாம் செக் பண்ணிட்டானாம். அப்ரூவ்டுங்க. மொத்த ஆர்டரையும் இதே மாதிரி ஓட்டச் சொல்லிட்டான்."

ஒச்சம்மாள் போனைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"படிக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கான்" என்றாள். பிறகு பாண்டித்துரையின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் ஒன்றை உரித்து, முதலாளி நீட்டியபடி வைத்திருந்த போனில், 'அப்ரூவ்டு' என்ற சொல்லின்மேல் ஒட்டினாள்.